பன்னிரண்டு மாடியும் பதினெட்டு விளக்கும்

"இங்க யாருமே குடியிருக்கலையா?"

வீடு பார்க்க வந்தவர் இப்படிக் கேட்டபோது மாலை ஆறரை மணி. பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் மொத்தம் ஒரே ஒரு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. அதுவும் வாட்ச்மேன் அறையில்.

முதலாளி கண் இமைக்கவில்லை. இருபது வருடமாக வீடு கட்டி விற்பவர். ஒழுகுகிற சுவரைக் காட்டி, வெயில் காலத்தில் இது எவ்வளவு சௌகரியம் தெரியுமா என்று சொல்லி விற்றவர்.

"எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க சார்."

"நாப்பத்தெட்டு வீட்டுலயுமா?"

"உழைக்கிற ஜனங்க."

வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணாந்து கட்டிடத்தைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நரைத்த தலை, குச்சி மாதிரி உடம்பு, நறுக்கென்ற பேச்சு. அவருடைய மனைவி அதற்குள் தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றார். முதலாளி அந்த இடத்திலேயே மனசுக்குள் வந்தவருக்குக் கடிகாரக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்.

வீடு பிடித்திருக்கிறது என்றார் கடிகாரக்காரர். ஆனால் அக்கம்பக்கத்து மனிதர்களைப் பார்க்காமல் வாங்கும் பழக்கம் அவருக்குக் கிடையாதாம். இரண்டு மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பாராம். திருப்தியாக இருந்தால், இரண்டாவது மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடுவாராம். அன்றைக்குக் குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் கூட இருக்க வேண்டும், ஒரு தலை குறைந்தாலும் பேனாவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவ்வளவுதானே சார், வாங்க" என்று கையசைத்து அனுப்பினார் முதலாளி. பக்கத்தில் நின்ற விற்பனை மேலாளர் தலையாட்டினார். பதினோரு வருடமாக அவர் பார்க்கும் வேலையில் முக்கால்வாசி அதுதான்.

கட்டிடம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு வீடுகூடப் போகவில்லை. கட்டிடத்தில் குறை ஒன்றுமில்லை. முதல் ஆளாகக் குடிவர யாருக்கும் தைரியமில்லை, அவ்வளவுதான். வந்தவர்களெல்லாம் நாலு குடும்பம் வரட்டும், அப்புறம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நாலு குடும்பமும் அதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தது.

இதில் முதலாளியின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. உயிர் என்றால் அவருடைய கால்பந்து அணி.

மூன்று வருடத்துக்கு முன் அந்த அணியை அவர் வாங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள். இப்போதும் சிரிப்பு நிற்கவில்லை. வருடா வருடம் கோப்பைப் போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்று, மற்ற அணிகளுக்கு முன்னால் வீடு திரும்பிவிடும் அணி அது. ஆனாலும் முதலாளிக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. காரணம் எளிது. வீடு வாங்கினவன் ஒருத்தன்கூட அவரைப் பார்த்து இதுவரை கைதட்டியதில்லை. போன் செய்தால் குழாய் ஒழுகுகிறது, கதவு மூட மாட்டேன் என்கிறது என்றுதான் செய்வான். மைதானத்தில் மட்டும் பையன்கள் பந்தைத் தொட்டாலே நாற்பது பேர் கைதட்டுவார்கள். அந்த நாற்பது பேரில் முப்பது பேர் அவருடைய ஆபீஸ் ஊழியர்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது.

அணிக்கு அவர் செய்யாதது இல்லை. உடை மாற்றும் அறைக்குப் பளிங்குத் தரை போட்டார். மெத்தை வைத்த நாற்காலிகள் வாங்கினார். மைதானத்து வாசலில் நீரூற்று வைத்தார். உடற்பயிற்சிக்கு ஒரு ஆளை வையுங்கள் என்று கேப்டன் கேட்டதற்கு மட்டும், "சுவர் எழுப்ப மேஸ்திரி வேணும். ஓடறதுக்கு எதுக்குய்யா மேஸ்திரி?" என்று சொல்லி, அந்தப் பணத்தில் நீரூற்றுக்கு வண்ண விளக்குப் போட்டார்.

கம்பெனியில் கையெழுத்து முதலாளியுடையது, முடிவு அவர் மனைவியுடையது. அந்த அம்மாள் போன வாரம் முடிவெடுத்திருந்தார்.

"சீசன் கடைசி நாளுக்குள்ள அந்த பில்டிங்ல ஒரு வீடாவது போகணும். இல்லன்னா டீமைக் குடுத்துடுங்க. டைல்ஸ் கம்பெனிக்காரர் கேட்டுட்டே இருக்கார்."

சீசனின் கடைசி நாள் எது என்று பார்த்தால், அதுவும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது முதலாளி நடந்ததைச் சொன்னார். ஆள் கிடைத்தும் விளக்கு இல்லாமல் போய்விட்டதே என்று புலம்பினார். மனைவி காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை. அணிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டுப் பசங்க, பதினெட்டு மூலையில குடியிருக்காங்க. ஆளுக்கு ஒரு வாடகை. ஒருத்தன் எப்ப தூங்கறான், ஒருத்தன் என்ன திங்கறான்னு யாருக்குத் தெரியும்? ஒரே கூரைக்குக் கீழ வச்சா என்ன குறைஞ்சா போயிடும்?"

முதலாளியின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. அவருக்கு நல்ல யோசனைகள் எப்போதும் மனைவி வேறு எதையாவது திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வரும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் மாலைக்குள் பதினெட்டு ஆட்டக்காரர்களும் மூட்டை முடிச்சோடு கட்டிடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மேலாளர் ஒரு தாளில் பன்னிரண்டு மாடியையும் வரைந்து, பெரிய சாலையிலிருந்து பார்த்தால் விளக்குகள் பரவலாகத் தெரியும்படி ஆளுக்கு ஒரு வீடு பிரித்துக் கொடுத்தார். ஆறு மணிக்கு எல்லாரும் எல்லா விளக்கையும் போட வேண்டும். பால்கனியில் துணி காய வேண்டும். கேட்டால் சொல்வதற்கு ஆளுக்கு ஒரு உத்தியோகமும் ஒதுக்கப்பட்டது. கேப்டன் ஆடிட்டர். முன்வரிசை ஆட்டக்காரன் வக்கீல். பின்வரிசையில் நின்று எல்லாரையும் காலால் தட்டிவிடுகிறவன் கல்லூரிப் பேராசிரியர். கோல்கீப்பர் பல் டாக்டர்.

"எனக்குப் பல்லைப் பத்தி ஒண்ணும் தெரியாதே முதலாளி" என்றான் கோல்கீப்பர்.

"வலிக்குதான்னு கேளு. வலிக்கலன்னு சொன்னா, வலிக்கும்னு சொல்லு. அவ்வளவுதான் தொழிலு."

கடிகாரக்காரர் அடுத்த முறை வந்தபோது கட்டிடம் ஜெகஜ்ஜோதியாக இருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். பதினெட்டு பால்கனியிலும் பதினெட்டு நீலச் சட்டை, பதினெட்டு நீல அரைக்கால் சட்டை காய்ந்துகொண்டிருந்தன. எல்லாரும் ஒரே கடையில் துணி எடுப்பார்களா என்று கேட்டார். மொத்தமாக எடுத்தால் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறான் என்றார் முதலாளி. மேலாளர் தலையாட்டினார்.

பிரச்சினை லிஃப்டில் ஆரம்பித்தது. பல் டாக்டர் லிஃப்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்த கடிகாரக்காரர் முகம் சுளித்தார். லிஃப்டில் போகிறவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லையாம். படியேறுகிறவர்கள்தான் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்களாம். படியேறாத ஜனங்களோடு குடித்தனம் செய்ய அவரால் ஆகாதாம்.

முதலாளி அன்றைக்கே லிஃப்டுக்குப் பூட்டுப் போட்டார்.

கோல்கீப்பரின் வீடு பன்னிரண்டாவது மாடியில். முதல் நாள் ஏறும்போது ஒன்பதாவது மாடிப் படியிலேயே படுத்துத் தூங்கிவிட்டான். ஆறாவது மாடியில் இருந்த முன்வரிசைக்காரன், தண்ணீர் பாட்டிலைக் கீழேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்து, தாகத்தோடேயே இருப்பது மேல் என்று முடிவு செய்தான். கடிகாரக்காரர் எந்த நேரத்தில் வருவார் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொள்வார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறவர் போகிறவர்களுக்கு வணக்கம் சொல்வார்.

"மூணு நிமிஷம் இருபது செகண்ட். டாக்டர் ரொம்ப மெதுவா வர்றீங்களே, உடம்புக்கு என்ன?" என்றவர், "நோயாளிங்க இருக்கிற இடத்துல எங்களுக்கு வீடு வேண்டாம்மா" என்று தன் மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கப் போனார்.

முதலாளி பதறிப்போய்க் கோல்கீப்பரைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் சுறுசுறுப்பாக ஏறக் கூடாதா என்று கெஞ்சினார். கடிகாரக்காரர் இருக்கும் வரை படியில் யாரும் உட்காரக் கூடாது என்று உத்தரவு போட்டார். இரண்டு வாரத்தில் கோல்கீப்பர் ஒரு நிமிடம் ஐம்பது செகண்டில் ஏறினான். கடிகாரக்காரர் பரவாயில்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். முதலாளிக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

அடுத்து, கடிகாரக்காரரின் மனைவிக்கு எண்ணெய் வாசனை ஆகாது என்று தெரியவந்தது. மாடிக்கு மாடி பொரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள் பையன்கள். முதலாளி வீடு வீடாகப் போய்ச் சட்டியைப் பிடுங்கினார். பேராசிரியர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிறகு கடிகாரக்காரர், மாதிரி வீட்டில் ஒரு இரவு தங்கிப் பார்ப்பேன், ஒன்பதரைக்கு மேல் சின்னச் சத்தம் கேட்டாலும் வீடு வேண்டாம் என்றார். எந்த இரவு என்று சொல்லவில்லை. ஆகவே தினமும் ஒன்பதரைக்கு முதலாளியே நேரில் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஆறு மணிக்கு விளக்குப் போடவில்லை என்று திட்டிய அதே வாயால், ஒன்பதரைக்கு ஏன் இன்னும் தூங்கவில்லை என்று திட்டினார்.

இத்தனைக்கும் மேலாகக் கடிகாரக்காரரின் மனைவி காலையில் நடப்பவர். தனியாக நடக்க மாட்டார். பழைய வீட்டில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஐந்தரைக்கே தோட்டத்துக்கு வந்துவிடுவார்களாம். இங்கே ஒரு ஈ, காக்கையைக் காணோமே என்று வருத்தப்பட்டார்.

மறுநாள் ஐந்தரைக்குப் பதினெட்டுப் பேரும் தோட்டத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாள் நடந்தார். அதை நடை என்று அவர் மட்டும்தான் சொல்வார். பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் போலப் போனார். பின்னாலேயே ஆடிட்டர், வக்கீல், பேராசிரியர், பல் டாக்டர் என்று ஒரு கூட்டம் நாக்குத் தள்ள ஓடியது. கூட நடந்து கம்பெனி மரியாதையைக் காப்பாற்றலாம் என்று செருப்போடு கிளம்பிய முதலாளி, மூன்றாவது சுற்றில் நீர்த்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்க மேலாளர் வந்து கை கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில், ஒரே கட்டிடத்தில் படியேறி ஒன்றாக நடந்து ஒரே நேரத்தில் தூங்கியதில், பையன்களுக்குத் தாங்கள் குடித்தனக்காரர்கள்தான் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஒருநாள் முதலாளியின் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. மதிப்பிற்குரிய பில்டர் அவர்களுக்கு, என்று தொடங்கிய அது, ஒன்பதாவது மாடிக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை, நாலாவது மாடிக் கைப்பிடி ஆடுகிறது, பத்து நாளில் சரிசெய்யாவிட்டால் மேல் நடவடிக்கை என்று போனது. கீழே குடியிருப்போர் சங்கத் தலைவர் என்று கேப்டன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

முதலாளி அவனைக் கூப்பிட்டார். "டேய், நீங்க நெஜமான குடித்தனக்காரங்க இல்லடா."

"தெரியும் முதலாளி. ஆனா தண்ணி நெஜமாவே வரலையே."

சங்கத்தில் சண்டை என்று கடிகாரக்காரர் காதில் விழுந்தால் காரியம் கெட்டுவிடும். முதலாளி குழாய்க்காரரைக் கூட்டிக்கொண்டு தானே பன்னிரண்டு மாடியும் ஏறினார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து புகார் கொடுத்த வாரத்திலேயே அவர் சரிசெய்த முதல் குழாய் அதுதான். வாட்ச்மேன் அதைப் பார்க்கவென்றே மேலே ஏறி வந்தார்.

இந்தக் களேபரத்தில் கோப்பைப் போட்டியின் முதல் சுற்று வந்ததை முதலாளி கிட்டத்தட்ட மறந்துவிட்டார். மைதானத்துக்குப் போனபோது ஆட்டம் முடிந்திருந்தது. அவருடைய அணி ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது.

அவர் நேரே நடுவரிடம் போய், தப்பாக எழுதியிருக்கிறீர்களோ என்று பணிவாகக் கேட்டார். நடுவர் முறைத்தார்.

இரண்டாவது சுற்றில் மூன்று கோல் போட்டார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பளிங்குத் தரை இப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது என்று மேலாளரிடம் விளக்கினார். கால் இறுதியில் ஜெயித்த இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. மெத்தை நாற்காலிக்கும் இதில் பங்கு உண்டு என்று மனைவியை எழுப்பிச் சொன்னார். மனைவி, இருக்கும், இருக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அந்தச் சந்தோஷமே வம்பாகிவிட்டது. பேப்பரில் கோல்கீப்பரின் படம் வந்திருந்தது. பந்தைப் பிடித்துக்கொண்டு, பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடிகாரக்காரர் வாசலில் நின்றார்.

"இது நம்ம பல் டாக்டர் மாதிரி இல்ல?"

"தம்பி சார். இரட்டைப் பிள்ளைங்க. ஒருத்தர் படிச்சார், ஒருத்தர் இப்படிப் போயிட்டார்."

கடிகாரக்காரர் பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஆடிட்டரும் வக்கீலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இவங்களும் இரட்டையா?"

"இந்த பில்டிங்குக்கு அப்படி ஒரு ராசி சார்."

கடிகாரக்காரர் ரொம்ப நேரம் இருமினார். மேலாளர் தலையாட்ட மறந்து நின்றார். அன்றிலிருந்து முதலாளி மைதானத்துக்கு வரும் போட்டோகிராபர்களைத் தனியாகக் கவனித்து, பின்னாலிருந்து மட்டும் படம் எடுக்கச் சொன்னார். அரை இறுதியில் ஜெயித்த செய்தியோடு பேப்பரில் பதினோரு முதுகுகள் வெளிவந்தன. வேறு எந்த அணிக்கும் இல்லாத புதுமை என்று ஜனங்கள் இன்னும் அதிகமாகப் பேசினார்கள்.

இறுதிப் போட்டி கடைசி ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு. அந்த நாள் எங்கேயோ கேட்ட நாளாக இருக்கிறதே என்று யோசித்தபோதுதான் முதலாளிக்கு உறைத்தது. அதே ஞாயிறுதான் கையெழுத்து. அதே ஞாயிறுதான் மனைவி வைத்த கெடு. இரண்டு மாதத்துக்கு முன் இதை யார் கவனித்தார்கள்? அவருடைய அணி இறுதிப் போட்டிக்குப் போகும் என்று அவரே நினைத்ததில்லை.

கையெழுத்தை முந்தின நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார். கடிகாரக்காரருக்கு ஒழியவில்லை. காலையில்? ஒழியவில்லை. கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு மணிக்கு வர ஒத்துக்கொண்டார். அரை மணியில் கையெழுத்து முடிந்துவிடும், ஒன்றரைக்குப் பஸ் ஏறினால் போதும் என்று முதலாளி கணக்குப் போட்டார்.

ஞாயிறு ஒரு மணிக்குத் தோட்டத்து நிழலில் மேசை போட்டு, பதினெட்டுக் குடித்தனக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரக்காரர் வந்தார். தலைகளை எண்ணினார். நின்றுகொண்டிருந்த இருவரை உட்காரச் சொன்னார். சும்மா காலை நீட்டிக்கொண்டு சௌகரியமாக இருங்கள், எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார். எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு பத்திரத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார்.

ஒன்றரை ஆயிற்று. பன்னிரண்டாம் பக்கம். முதலாளி கைக்குட்டையை எடுத்தார். இரண்டு ஆயிற்று. பதினெட்டாம் பக்கத்தில் ஒரு வரி புரியவில்லை என்று ஆறாம் பக்கத்துக்குத் திரும்பினார். கேப்டன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தலையை எந்தப் பக்கம் ஆட்டுவதென்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார்.

இரண்டரை மணிக்கு முப்பதாம் பக்கம். பையன்கள் கால் நீட்டி, நிழலில், வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி அவர்கள் முகங்களைப் பார்த்தார். இப்போது கிளப்பினால் வீடு போகாது. வீடு போகாவிட்டால் நாளைக்கு அணி டைல்ஸ் கம்பெனிக்காரருடையது. கிளப்பாவிட்டால் அணி இருக்கும், ஆனால் இறுதிப் போட்டிக்கு வராத அணி என்று ஊர் சிரிக்கும். தனக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக இந்தப் பிள்ளைகளை இங்கே கட்டிப்போடுவதா என்று நினைத்தார். எழுந்து நின்றார்.

"சார், பத்திரத்தை மூடிடுங்க."

கடிகாரக்காரர் நிமிர்ந்தார்.

"இவர் ஆடிட்டர் இல்ல. அவர் டாக்டர் இல்ல. இந்த பில்டிங்ல ஒருத்தரும் குடியிருக்கல. இவங்க என் டீம். நாலு மணிக்கு இவங்களுக்கு ஃபைனல். வீடு போனா போகட்டும். நாளைக்கு இவங்க என் பசங்களா இருக்க மாட்டாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு இருக்காங்க, அது போதும். டேய், கெளம்புங்கடா."

பதினெட்டுப் பேரும் துள்ளி எழுந்தார்கள். கடிகாரக்காரர் கோபப்படவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்திரத்தை மூடிப் பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். அந்தப் பேனாவோடு தன் அணியும் போனது என்று முதலாளி நினைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஓடி ஏறினார்.

எதிரணி சாமானியப்பட்டதில்லை. நாலு வருடமாகக் கோப்பையை வீட்டில் வைத்திருப்பவர்கள். முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டார்கள். முதலாளி மெத்தை நாற்காலியில் உட்கார முடியாமல் அதன் பின்னால் நின்றார். இரண்டாவது பாதியில் ஏதோ நடந்தது. எழுபதாவது நிமிடத்தில் எதிரணிக்காரர்கள் இடுப்பில் கைவைத்து நிற்க ஆரம்பித்தார்கள். ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. முதலாளியின் பையன்களோ அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி ஓடினார்கள். பேராசிரியர் பின்வரிசையிலிருந்து பந்தோடு மைதானம் முழுக்க ஓடி ஒரு கோல் போட்டான். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது கேப்டன் இன்னொன்று போட்டான்.

நடுவர் விசில் ஊதியதும் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. நாற்பது பேர் இல்லை, பல்லாயிரம் பேர். முதலாளி பக்கத்தில் இருந்தவரைக் கட்டிக்கொண்டு குதித்தார். குதித்து முடித்த பிறகுதான் அது தன் மனைவி என்று தெரிந்தது. மூன்று வருடத்தில் அந்த அம்மாள் மைதானத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

"கையெழுத்து ஆகல" என்றார் முதலாளி. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது எதற்கான தண்ணீர் என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. "நானே எல்லாத்தையும் சொல்லிக் கெடுத்துட்டேன். டைல்ஸ்காரருக்கு நாளைக்குச் சொல்லிடலாம். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடு."

"முகத்தைத் துடைங்க. கப் வாங்கக் கூப்பிடறாங்க" என்றார் மனைவி.

பையன்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோப்பை அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கி வரும்போது, மைதானக் கோட்டோரத்தில் அவர் மனைவிக்குப் பக்கத்தில் கடிகாரக்காரர் நிற்பதைப் பார்த்தார். இரண்டு மாதம் அலையவிட்டு ஏமாற்றிய மனுஷரிடம் ஒரு மன்னிப்பாவது கேட்டுவிட வேண்டும் என்று முதலாளி கோப்பையோடு அவரை நோக்கி வேகமாக நடந்தார்.

அதற்குள் தோற்ற அணியின் பயிற்சியாளர் குறுக்கே ஓடி வந்தார். முதலாளியைத் தாண்டிப் போய்க் கடிகாரக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"எங்க டீமுக்கு ட்ரெயினிங் குடுங்கன்னு மூணு வருஷமா இவர் வீட்டு வாசல்ல தவம் கிடக்கறேன் சார், மாட்டவே மாட்டேன்னுட்டார். உங்க வீட்டம்மா கூப்பிட்டதுக்கு மட்டும் எப்படி சார் புருஷனும் பொண்டாட்டியுமா கிளம்பி வந்துட்டாங்க?"